மழையில் நனைந்த ரைஃபிளைச் சுடலாமா? கேஸ் ரைஃபிள் இயங்கும் விதமும் குழலுக்குள் தண்ணீரும்

கூடலூர்த் தம்பி ஒருவர் கேட்டதற்கு இந்தப் பதில். கேரளப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஜூலை மழையில் நனைந்துகொண்டே ரேஞ்சுக்கு நடந்து போன அன்று, படுத்துச் சுடும் நிலைக்குப் போவதற்கு முன் உஸ்தாத் (பயிற்சி தருபவர்) எல்லோரையும் நிறுத்தினாராம். ரைஃபிளின் முனையைத் தரைப்பக்கம் கவிழ்த்து, காக்கிங் ஹேண்டிலை (பின்னால் இழுக்கும் பிடியை) இழுத்து, தண்ணீரை வடித்த பிறகுதான் தோட்டாக்கள் நிரப்பிய மேகசினைப் போட விட்டாராம். வடிக்காமல் சுட்டால் குழல் வெடிக்கும் என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்று இரவே பாரக்கில் ஒரு நண்பர் காணொளி ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதில் ஏ.கே. ரைஃபிளை நீச்சல் குளத்துக்குள் முழுவதும் மூழ்கவைத்துச் சுடுகிறார்கள். குழல் வெடிக்கவில்லை, சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடுகூட வெளியே வந்து விழுகிறது. "உஸ்தாத் சொன்னது உண்மையா, காணொளி உண்மையா?" என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டும் உண்மை. ஆனாலும் நீங்கள் உஸ்தாத் சொன்னபடிதான் செய்ய வேண்டும். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன என்பது புரிந்துவிட்டால், மழைநாளில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்பதும் தானாகத் தெளிந்துவிடும். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பந்தலூர் பக்கம் இருக்கிறேன். தேவாலா, சேரம்பாடி மழை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். நாடுகாணிக்கு அந்தப் பக்கம் நிலம்பூர்க் காட்டில் ரோந்து போகிறவர்களுக்கும் இதே மழைதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ரைஃபிளின் இயக்கம். பழைய .303 ரைஃபிளில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடிப் பூட்டும் பாகத்தை) கையால் தூக்கி, பின்னால் இழுத்து, கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்ற வேண்டும். நம் ராணுவத்தின் பழைய எஸ்.எல்.ஆர்., அதற்குப் பின் வந்த இன்சாஸ், ஏ.கே. எல்லாவற்றிலும் அந்த வேலையைக் குழலுக்குள் எரியும் வெடிமருந்தின் கேஸே செய்துவிடுகிறது. குழலின் மேல்பக்கம் நடுவிலிருந்து முனைக்குள் எங்கோ ஓரிடத்தில் ஒரு சிறு துளை இருக்கும். குண்டு அந்தத் துளையைத் தாண்டும் வரை துளைக்கு வேலை இல்லை. தாண்டிய கணத்திலேயே, குண்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் வரும் கேஸில் ஒரு சிறு பங்கு அந்தத் துளை வழியாக மேலே ஏறுகிறது. அங்கே கேஸ் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் காத்திருக்கிறது. கேஸ் அதை அடிக்க, பிஸ்டன் பின்னால் ஓடி, போல்ட்டைச் சுமக்கும் கேரியரைத் தள்ளுகிறது. கேரியர் கொஞ்ச தூரம் சும்மா நகர்ந்த பிறகுதான் போல்ட்டின் பூட்டைத் திறக்கிறது. பிறகு கூடு வெளியே போகிறது, ஸ்பிரிங் அழுந்துகிறது, திரும்பி வரும்போது அடுத்த தோட்டா ஏறுகிறது.

இதற்குள்ளேயே பல வகை உண்டு. எஸ்.எல்.ஆர்., பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். ரைஃபிளை ஒட்டி இஷாப்பூரில் செய்தது. அதில் பிஸ்டன் சிறிது தூரம் மட்டும் ஓடி, கேரியரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். ஏ.கே.யில் பிஸ்டனும் கேரியரும் ஒரே உடம்பு. கடைசி வரை சேர்ந்தே ஓடும். இன்சாஸும் இந்த வகைதான். அதோடு கேஸ் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு ரெகுலேட்டரும் அதில் உண்டு. அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளில் தனிப் பிஸ்டன் கம்பியே கிடையாது. மெல்லிய குழாய் ஒன்று கேஸை நேராகக் கேரியருக்குள்ளேயே கொண்டுபோய் ஊதுகிறது. தண்ணீர் விஷயத்தில் இந்த வேறுபாடுகளுக்கு அர்த்தம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது நீங்கள் மனதில் பிடித்துக்கொள்ள வேண்டியது நேரம். தோட்டா வெடித்ததிலிருந்து குண்டு முனையை விட்டுப் போகும் வரை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடிதான் ஆகிறது. அந்த நேரத்துக்குள், தோட்டா உட்காரும் இடமான சேம்பரில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 3,500 முதல் 4,000 மடங்கு வரை ஏறி, குண்டு முன்னே ஓட ஓட இறங்கி, கேஸ் துளைக்கு வரும்போது ஆயிரம் மடங்குக்குப் பக்கமாகி, முனையில் சில நூறு மடங்காகக் குறைகிறது. குழலின் இரும்பும் அந்தக் கணக்குப்படிதான் கடையப்பட்டிருக்கிறது. சேம்பர் பக்கம் தடிமன், முனைப்பக்கம் மெல்லிசு. போல்ட் பூட்டு திறக்கும் நேரமும் அதே கணக்குத்தான். குண்டு வெளியேறி, அழுத்தம் விழுந்த பிறகு திறக்கும்படி துளையின் இடம், அகலம், கேரியரின் எடை எல்லாம் தீர்மானிக்கப்பட்டிருக்கின்றன. குண்டு தடையில்லாமல், எதிர்பார்த்த வேகத்தில் ஓடும் என்பதை வைத்துத்தான் இத்தனையும். அந்த ஓட்டத்துக்கு நடுவே தண்ணீர் வந்தால், குழலின் கணக்கும் தவறுகிறது, பூட்டின் கணக்கும் தவறுகிறது. ஆபத்து முழுவதும் இந்த இரண்டு தவறுகளில்தான் இருக்கிறது.

குழல் முழுக்கத் தண்ணீர் நின்றால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடலாம். இன்சாஸ் குழல் 464 மில்லிமீட்டர். சேம்பரைக் கழித்தால் சுமார் 42 சென்டிமீட்டர். 5.56 மில்லிமீட்டர் துளையில் அந்த நீளத்துக்குச் சுமார் 10 மில்லிலிட்டர் பிடிக்கும். எடையில் 10 கிராம். அந்தக் குழல் சுடும் குண்டின் எடை 4 கிராம் மட்டுமே. ஆக, 4 கிராமைத் தள்ளுவதற்கென்று அளந்து போட்ட மருந்து, 14 கிராமைத் தள்ள வேண்டியதாகிறது. எஸ்.எல்.ஆரில் குண்டு 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல்; குழல் நிறைந்தால் தண்ணீர் 20 கிராமைத் தாண்டும். மருந்து எரிய எரிய முன்னால் இடம் விரிய வேண்டும். விரியாவிட்டால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரியும். ஒன்று மற்றொன்றை ஏற்றிக்கொண்டே போகும்.

ஆனால் இதைவிட மோசமானது, குழலின் பாதி வழியிலோ முனைக்குப் பக்கத்திலோ இரண்டு விரற்கடை நீளத்துக்கு நிற்கும் தண்ணீர். பலரும் இதை நம்ப மாட்டார்கள். கொஞ்சம் தண்ணீர்தானே என்பார்கள். கிணற்றில் காலை நீட்டிக் குதித்தால் தண்ணீர் வழி விடுகிறது. வயிறு பட விழுந்தால் தோல் சிவந்து போகிறது. இரண்டும் ஒரே தண்ணீர்தான், விலகுவதற்கு நேரம் கிடைத்ததா என்பதுதான் வித்தியாசம். குழலுக்குள் தண்ணீருக்குப் பக்கவாட்டில் விலக இடமே இல்லை. நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வரும் குண்டு அதை மோதும்போது, தண்ணீர் மொத்தமாக முன்னால் நகரத் தொடங்குவதற்கு முன்பே மோதிய இடத்தில் அழுத்தம் கட்டிவிடுகிறது. வீட்டுத் தண்ணீர்க் குழாயில் வால்வைச் சட்டென்று மூடினால் 'டொக்' என்று அடிக்கும் அதே விதி. தண்ணீரின் அடர்த்தி, அதில் ஒலி ஓடும் வேகம், மோதும் வேகம் மூன்றையும் பெருக்கினால் வளிமண்டலத்தைப் போல 9,000 மடங்கு வருகிறது. குண்டின் மூக்கு கூர்மையானது என்பதால் முழு அளவும் ஒரே கணத்தில் வந்துவிடாது. இருந்தாலும், சேம்பரே தாங்க வேண்டிய உச்ச அழுத்தத்தைவிட அதிகமான ஒன்று, சில நூறு மடங்கு அழுத்தத்துக்கென்று மெல்லிதாகக் கடைந்த முனைப்பக்கத்தில் பிறக்க முடியும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

அப்படிப் பிறந்தால் குழல் அந்த இடத்தில் மோதிரம் போட்டாற்போல் வீங்கும். பட்டறைக்கு வந்த வீங்கிய குழல்களைக் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். வெளியில் கண்ணுக்குத் தெரியாத வீக்கம்கூட விரலுக்குத் தெரியும். இரும்பு நல்ல இரும்பாக இருந்தால் வீங்குவதோடு நிற்கும். உள்ளே துரு அரித்திருந்தாலோ, முன்பே ஒரு முறை வீங்கியிருந்தாலோ நீளவாக்கில் பிளக்கும். குழலுக்குக் கீழே முன்கட்டையைப் பிடித்திருக்கும் கை அந்த இடத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

இப்போது காணொளிக்கு வருகிறேன். குளத்தில் மூழ்கிய ஏ.கே.யில் குழல் முழுக்கத் தண்ணீர். குண்டின் மூக்கிலிருந்து முனை வரைக்கும் ஒரே தண்ணீர். நடுவில் காற்று இடைவெளி கிடையாது. அதனால் குண்டு ஓடி வந்து மோதுவது என்பதே அங்கே நடக்கவில்லை. குண்டு நகரத் தொடங்கும் முதல் கணத்திலிருந்தே தண்ணீரையும் சேர்த்துத் தள்ளுகிறது. சுமை அதிகம், அழுத்தமும் அதிகம், ஆனால் அந்த அழுத்தம் பெரும்பாலும் குழல் தடிமனாக இருக்கும் பின்பக்கத்தில் விழுகிறது. ஏ.கே.யின் குழல் 7.62 மில்லிமீட்டர், சுவர் தடிமன், குண்டின் வேகமும் நொடிக்கு 700 மீட்டரை ஒட்டியதுதான். இத்தனையும் சேர்ந்து அன்று அந்தக் குழலைக் காப்பாற்றின. அதே ரைஃபிளை மேலே எடுத்து, பாதித் தண்ணீர் வடிந்து மீதி முனைப்பக்கம் தங்கிய நிலையில் சுட்டால், குளத்துக்குள் சுட்டதைவிட அது ஆபத்து. உங்கள் நண்பர் இதைத்தான் கவனிக்கவில்லை. ஒரு முறை வெடிக்கவில்லை என்பதை வைத்து உங்கள் கையில் இருக்கும் இன்னொரு குழலைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

தண்ணீருக்குள் சுடத்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே வேறு ஆயுதம் செய்கிறார்கள். சோவியத் கடற்படையில் தண்ணீருக்கடியில் நீந்திப் போகும் வீரர்களுக்காக 1970களில் வந்த ஏ.பி.எஸ். ரைஃபிள் சாதாரணக் குண்டைச் சுடுவதில்லை. 120 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு ஊசியைச் சுடுகிறது. குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் சுருள் வரிகளே கிடையாது. சாதாரண ரைஃபிள் குண்டோ தண்ணீருக்குள் ஓரிரு மீட்டரிலேயே வலு இழந்துவிடும்.

அடுத்து, தண்ணீர் குழலில் எப்படித் தங்குகிறது என்பது. இன்சாஸ் போன்ற 5.56 மில்லிமீட்டர் ரைஃபிள் வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை பெரிதானது. எஸ்.எல்.ஆர். காலத்து ஆட்களுக்கு இது அவ்வளவு அனுபவம் இல்லை. ஒரு பக்கம் மூடிய குழாயில் தண்ணீர் நிறைந்திருக்கிறது, மறுபக்கத்தைக் கீழே கவிழ்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்க வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று ஏற வேண்டும். குழாய் அகலமாக இருந்தால் காற்றுக் குமிழி ஓரமாக ஏறிவிடும். ஏறக்குறைய 5 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகிவிட்டால், தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை குமிழியை ஏறவே விடாது. கவிழ்த்துப் பிடித்தாலும் தண்ணீர் அப்படியே நிற்கும். 5.56 அந்த எல்லைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. அதோடு சுருள் வரிகள், கரி, எண்ணெய்ப் படலம், முனையில் தீச்சுடரை மறைக்கும் ஃபிளாஷ் ஹைடர் எல்லாம் சேரும்போது தண்ணீர் துண்டு துண்டாக நடுவழியில் தங்கிவிடும். எஸ்.எல்.ஆர்., ஏ.கே. ஆகியவற்றின் 7.62 குழல் அந்த எல்லையைத் தெளிவாகத் தாண்டியது. கவிழ்த்தால் பெரும்பாலும் தானே கொட்டிவிடும்.

மூடிய பக்கம் எது? சேம்பர்தான். போல்ட் மூடி, உள்ளே தோட்டாவும் இருந்தால் பின்பக்கம் அடைபட்டுவிடும். அதனால்தான் உஸ்தாத் கவிழ்த்தால் மட்டும் போதாது, காக்கிங் ஹேண்டிலையும் இழு என்றார். தோட்டா சேம்பரிலிருந்து கொஞ்சம் பின்னால் வந்தாலே பின்பக்கம் காற்று நுழையும், தண்ணீர் முன்பக்கம் இறங்கும். எம்-16 குடும்பத்துக்கான அமெரிக்கக் கையேடுகளிலும் இதே வழக்கம்தான் இருக்கிறது: முனையைக் கீழே காட்டு, சார்ஜிங் ஹேண்டிலைச் சில அங்குலம் இழு, தண்ணீர் வடியவிடு. ரேஞ்சில் உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, போல்ட்டை முழுவதும் பின்னால் நிறுத்தி, முனையைக் கவிழ்த்து, இரண்டு மூன்று முறை உதறுங்கள். பிறகு புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிற்றில்) காய்ந்த துண்டுத் துணியைக் கட்டிச் சேம்பர் பக்கத்திலிருந்து முனைக்கு ஒரு முறை இழுங்கள். கடைசியாகச் சேம்பர் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வட்டமாக, உடையாமல் வெளிச்சம் தெரிந்தால் குழல் திறந்திருக்கிறது. காலி சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யாமல் முனைப்பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சுவரில் ஒட்டிய சில துளிகளோ ஈரப் படலமோ குழலை வெடிக்க வைக்காது. குழலை முழு வட்டத்துக்கும் அடைத்து நிற்கும் தண்ணீர்தான் ஆபத்து. ஈரக் குழலின் முதல் குண்டு இலக்கில் வேறு இடத்தில் விழலாம், அவ்வளவுதான். அதற்காக மழையில் ரைஃபிளையே எடுக்கப் பயப்பட வேண்டாம். மழையில் நடக்கும்போது முனை கீழே பார்க்கும்படி தோளில் மாட்டுங்கள். பாதிப் பிரச்சினை தொடங்கவே தொடங்காது. ஆற்றையோ ஓடையையோ கடந்த பிறகும், வழுக்கி விழுந்த பிறகும் குழலைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். விழுந்தால் தண்ணீர் மட்டும் போகாது, சேறும் போகும். சேறு தண்ணீரைவிட மோசம். அது வடியவும் வடியாது.

இனி கேஸ் ரைஃபிளுக்கே உரிய இரண்டாவது ஆபத்து. இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் நிதானமாகப் படியுங்கள். தண்ணீர் கேஸ் துளைக்கும் முனைக்கும் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். குண்டு துளையைத் தாண்டியாயிற்று. கேஸ் பிஸ்டனை அடிக்கத் தொடங்கிவிட்டது. அதே சமயம் குண்டு முன்னால் தண்ணீரில் தடுக்கி மெதுவாகிறது. வழக்கமாக இந்த நேரத்தில் குண்டு வெளியேறி அழுத்தம் விழுந்திருக்க வேண்டும். இப்போது விழவில்லை, மாறாக ஏறுகிறது. துளை வழியாக அதிக கேஸ், அதிக நேரம், அதிக அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளுகிறது. கேரியர் வேகமாக ஓடுகிறது. குழலுக்குள் அழுத்தம் இன்னும் மிச்சமிருக்கும்போதே போல்ட்டின் பூட்டு திறந்துவிடுகிறது. கூடோ அழுத்தத்தால் சேம்பர் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் அதன் விளிம்பைப் பிய்க்கிறது, அல்லது கூட்டின் அடிப்பகுதி கிழிந்து கேஸ் பின்பக்கம் பாய்கிறது. மேகசின் கீழே தெறிப்பதும், கண்ணுக்குப் பக்கத்தில் பித்தளைத் துகள் பறப்பதும் இப்படித்தான். கையால் இயக்கும் .303 ரைஃபிளில் இந்த இரண்டாவது ஆபத்து கிடையாது; சுடுகிறவர் தூக்கும் வரை போல்ட் பூட்டியே இருக்கும்.

சேம்பருக்குள் தண்ணீரோ எண்ணெயோ இருந்தாலும் இதன் தொடர்ச்சிதான். வெடித்ததும் பித்தளைக் கூடு விரிந்து சேம்பர் சுவரை இறுகப் பிடிக்க வேண்டும். பின்னோக்கிய உந்துதலில் ஒரு பங்கை அந்தப் பிடிதான் தாங்குகிறது. நடுவில் வழவழப்பு இருந்தால் பிடி தளரும், முழு உந்துதலும் போல்ட் முகத்தில் விழும். அதனால்தான் தோட்டாவுக்கு எண்ணெய் தடவக் கூடாது என்பது பழைய நாளிலிருந்தே கட்டளை. மழையில் தோட்டா நனைந்தால் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கேஸ் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன? அங்கே வெடிப்பைவிட இடறல்தான் அதிகம். கேஸ் வந்து தண்ணீரைப் பிதுக்கித் தள்ள வேண்டும். பிஸ்டனுக்குப் போக வேண்டிய வலு அதில் வீணாகிறது. போல்ட் முழுவதும் பின்னால் போகாமல் பாதியில் திரும்பும், கூடு மாட்டிக்கொள்ளும். ஏ.கே.யில் கேஸ் வெளியேறத் துளைகள் இருப்பதால் தண்ணீரும் அவற்றின் வழியே பீச்சிக்கொண்டு போய்விடும். எஸ்.எல்.ஆரில் ரெகுலேட்டர் உண்டு. ஈரத்தில் ரைஃபிள் சோம்பினால் சிலர் உடனே ரெகுலேட்டரைத் திருகி கேஸைக் கூட்டிவிடுவார்கள். குழலில் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன பூட்டுக் கணக்கு இன்னும் கெட்டுவிடும். எம்-16 வகையில் தோளில் வைக்கும் கட்டைக்குள் ஸ்பிரிங்கும் பஃபரும் ஓடும் குழாயில் தண்ணீர் தேங்கினால், கேரியர் பின்னால் வரவே இடம் இருக்காது. தண்ணீரைச் சுருக்க முடியாதே. அதற்காக அந்தக் கட்டையில் வடிகால் துளை வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் செய்த எச்.கே.416 ரைஃபிளில், நீந்திக் கரையேறியதும் சுட வேண்டிய வீரர்களுக்காகவே வடிகால் வழிகளை அதிகமாக்கினார்கள். அப்படிச் சிறப்பாகச் செய்த ரைஃபிளுக்கு இருக்கும் தாங்குசக்தி உங்கள் கையில் இருக்கும் இன்சாஸுக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

மழைக்குப் பயந்து முனையில் துணி அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனதார வேண்டிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். அடைத்த துணி மறந்துபோகும். மறந்து சுட்டால் தண்ணீரைவிடக் கெட்டியான தடை அது. முனைக்கென்று படை கொடுக்கும் மெல்லிய மூடி இருந்தால் அதைப் போடலாம். அல்லது முனையின் வெளிப்புறத்தில், உள்ளே எதுவும் நுழையாமல், மெல்லிய பலூன் ரப்பரோ டேப்போ சுற்றலாம். அவசரத்தில் மறந்து சுட்டாலும், குண்டுக்கு முன்னால் நெருக்கப்படும் காற்றே அதைப் பிய்த்துவிடும். இரண்டாம் உலகப் போரில் கடற்கரையில் இறங்கிய பல வீரர்கள் இப்படி மூடிக்கொண்டுதான் இறங்கினார்கள். பயிற்சியில் உங்கள் உஸ்தாத் அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

இதே எச்சரிக்கை லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கும் பொருந்தும். கேரளத்தில் 2022 முதல் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதி கொடுக்கலாம் என்று ஆனதிலிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு போர் (12 bore) என்னும் வேட்டைத் துப்பாக்கிகள் இரவில் மழையில் வெளியே வருகின்றன. அவற்றின் குழல் ரைஃபிள் குழலைவிட மிக மெல்லிது. பெரிய துளை என்பதால் தண்ணீர் நிற்காது. ஆனால் வரப்பில் ஊன்றி எழும்போது முனையில் அப்பும் சேறும், சாத்தி வைத்த துப்பாக்கியில் குளவி கட்டும் மண் கூடும் அந்தக் குழலைப் பிளக்கப் போதும். அதை மடித்துத் திறந்து ஒரு பார்வை பார்க்க ஒரு நொடி ஆகாது.

தோட்டாவைப் பற்றி ஒன்று. படைத் தோட்டாக்களில், அடியில் அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் ஓரத்திலும், குண்டு கூட்டுக்குள் இறங்கும் கழுத்திலும் அரக்குப் பூச்சு இருக்கும். மழையில் நனைந்ததால் மட்டும் மருந்து கெட்டுவிடாது. பூச்சு போன பழைய தோட்டா, கழுத்து ஆடும் தோட்டா, நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்த தோட்டா ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். மருந்து ஈரமாகிப் பாதி எரிந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் 'டப்' என்று மந்தமாக வரும், தோளில் உதை இருக்காது. கேஸ் துளைக்கு முன்பே குண்டு நின்றிருந்தால் பிஸ்டனுக்குக் கேஸ் கிடைக்காது. அடுத்த தோட்டா தானாக ஏறாது. இந்த இடத்தில் ரைஃபிள் உங்களைத் தடுத்து நிறுத்துகிறது. ஆனால் உங்களுக்குப் பழக்கிய பயிற்சி என்ன? நின்றால் உடனே காக் பண்ணு, சுடு. கை தன்னாலே அதைச் செய்துவிடும். நின்ற குண்டின் முதுகில் அடுத்த குண்டு போய் மோதும். மழைநாளில் மந்தச் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட்டு, முனையை இலக்குப் பக்கமே வைத்து, உஸ்தாதைக் கூப்பிடுங்கள். ரேஞ்சில் அதற்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை.

சுட்டு முடித்து கோத்துக்கு (ஆயுத அறைக்கு) திரும்பிய பிறகு, தண்ணீர் பட்டுவிட்டதே என்று ரைஃபிள் முழுக்க எண்ணெயைக் கொட்டாதீர்கள். தண்ணீர் குழலுக்குப் பரம எதிரி என்று நினைப்பதும் தப்பு. அந்த நாளில் .303 தோட்டாவின் பிரைமர் விட்டுப்போகும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை ஒரே இரவில் அரித்துவிடும். எண்ணெயில் அந்த உப்பு கரையாது. அதனால் சுட்ட உடனே புனல் வைத்துச் சேம்பர் வழியாகக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக் கழுவுவார்கள். சூடான இரும்பில் தண்ணீர் தானே காய்ந்துவிடும், அதன் பிறகுதான் எண்ணெய். இன்றைய தோட்டாக்களில் பெரும்பாலும் அந்த உப்பு இல்லை. அதனால் வரிசை எளிது. முதலில் உலர்த்துங்கள். கழற்ற அனுமதியுள்ள பாகம் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, குழலில் காய்ந்த துணி வெள்ளையாக வெளியே வரும் வரை இழுங்கள். பிறகு குழலுக்கும் போல்ட்டுக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலம். கேஸ் சிலிண்டரும் பிஸ்டனும் உலர்ந்தே இருக்க வேண்டும். அங்கே தடவிய எண்ணெய் சூட்டில் கருகி, கரியாகக் கெட்டித்து, அடுத்த ரேஞ்சில் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் சுடப் போகும் முன் குழலில் இருக்கும் எண்ணெயையும் ஒரு காய்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

துடைத்த குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். சுருள் வரிகளுக்குக் குறுக்கே கரிய வளையம் ஒன்று நிழல்போலத் தெரிந்தால், அந்த இடத்தில் குழல் உள்ளே விரிந்திருக்கிறது. புல்த்ரூ இழுக்கும்போதும் அந்த இடத்தில் துணி சட்டென்று லேசாகி மறுபடி இறுகும். வெளியே கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். குறி சரியாகத்தான் விழுகிறது என்று அதை வைத்துக்கொள்ள வேண்டாம். வீங்கிய குழல் பல நாள் நன்றாகவே சுடும், அடுத்த முறை தண்ணீர் நிற்கும் நாளில் அந்த இடத்திலிருந்துதான் பிளக்கும். ரைஃபிள் எண்ணைக் குறித்து, அன்றே ஆர்மரரிடம் ஒப்படைத்து, வேறு ரைஃபிள் வாங்கிக்கொள்ளுங்கள்.